மஞ்சளாகும் தண்ணீர் எதைக் காட்டுகிறது?

கேள்வி: வீட்டுக்கு வந்த விற்பனையாளர் ஒருவர், குழாய்த் தண்ணீரில் சில சொட்டு மருந்து விட்டு, அது மஞ்சளானதைக் காட்டி, இதைக் குடித்தால் புற்றுநோய் வரும் என்றார். புற ஊதா விளக்குள்ள சுத்திகரிப்புக் கருவியை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்த மஞ்சள் நிறம் குளோரினின் அடையாளம், அதாவது, குழாய்வழியில் கிருமிகள் மறுபடி பெருகாதிருக்க வேண்டுமென்றே தண்ணீரில் விட்டுவைக்கப்படும் காப்பு. எது நம்மைக் காக்கிறதோ அதையே காட்டி அச்சுறுத்துவது பழைய விற்பனை உத்திதான்.

அவர் சொல்லும் அச்சம் முழுக் கற்பனையன்று. மக்கிய இலைதழைகளிலிருந்து நீரில் கரையும் கரிமப் பொருள்களோடு குளோரின் வினைபுரிவதால் குளோரோஃபார்ம் உள்ளிட்ட ட்ரைஹாலோமீத்தேன்கள் உண்டாவது 1974ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. ஹாலோஅசிட்டிக் அமிலங்களும் இவ்வாறே உருவாகின்றன. இவை மிகுந்த நீரைப் பல்லாண்டுகள் பயன்படுத்தியோரிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக இருப்பதைச் சில ஆய்வுகள் காட்டினாலும், இவைதாம் காரணம் என்பது ஐயமற நிறுவப்படவில்லை. கிருமிநீக்கம் செய்யாத நீரால் வரும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

எனவே முதலில் குடிநீர் வழங்குவோரிடம் ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். சொட்டு மருந்தால் ட்ரைஹாலோமீத்தேன் போன்ற இவ்வேதிப்பொருள்களை அளக்க முடியாது. மொத்த ட்ரைஹாலோமீத்தேன்களுக்கு அமெரிக்கா லிட்டருக்கு 80 மைக்ரோகிராம், ஐரோப்பிய ஒன்றியம் 100 மைக்ரோகிராம் என வரம்பு வைத்துள்ளன. அளவு இவற்றுக்குள் இருந்தால் கருவிக்குச் செலவிட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிகுந்திருந்தாலும் புற ஊதா விளக்கு உதவாது. அது கிருமிகளைச் செயலிழக்கச் செய்யுமேயன்றி, வீட்டுக் கருவியின் ஒளிக்கு இவ்வேதிப்பொருள்கள் அகலமாட்டா. வேண்டியது ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது வேதிப்பொருள்களை ஈர்த்துப் பிடிக்கும் கரி கொண்ட வடிகட்டி. இங்கும் சான்றிதழைக் கவனித்துப் படிக்க வேண்டும்: அமெரிக்கத் தரச்சான்று அமைப்பான என்எஸ்எஃப்-இன் தரங்களில், என்எஸ்எஃப் 42 என்பது குளோரின் சுவை, வாடை போன்றவற்றைக் குறைப்பதற்கே உரியது, என்எஸ்எஃப் 53 என்றிருந்து, அதில் ட்ரைஹாலோமீத்தேன் குறைப்பும் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். கரியின் ஈர்க்கும் திறன் தீர்ந்த பிறகும் தண்ணீர் தெளிவாகவே வரும் என்பதால், மாற்று வடிகட்டியின் விலையையும் மாற்ற வேண்டிய கால அளவையும் கேட்டறிந்த பின்னரே கருவியின் விலையைப் பேசுங்கள்.