குழந்தைகளோடு கொய்னோபொரி (கெண்டைமீன் கொடி) செய்வது எப்படி?

மே 5 ஜப்பானில் குழந்தைகள் நாள். அருவியை எதிர்த்து ஏறும் கெண்டைபோலப் பிள்ளைகள் வலிமையாக வளரவேண்டும் என்று கொய்னோபொரி பறக்கவிடுவார்கள்.

30க்கு 40 செ.மீ. டிஷ்யூ தாள் போதும். தாள் தட்டையாக இருக்கும்போதே செதில்களை ஒட்டிவிடுங்கள். சுருட்டியபின் ஒட்டினால் கசங்கும். குளூ ஸ்டிக்தான் நல்லது, நீர்ப்பசையில் தாள் ஊறிக் கிழியும். 30 செ.மீ. விளிம்பில் 2 செ.மீ. அகல அட்டைப் பட்டை ஒட்டிக் குழலாக உருட்டுங்கள். அதுதான் வாய், பட்டை இல்லாவிட்டால் சப்பிப்போய்க் காற்றே நுழையாது. வாலை அழகுக்காக ஒட்டி மூடிவிடாதீர்கள். காற்று வெளியேறாவிட்டால் மீன் நீந்துவதுபோல் அசையாது, உப்பித் தொங்கும். வாயில் சம இடைவெளியில் மூன்று நூல் கட்டி ஒரே முடிச்சில் சேருங்கள்.

கம்பத்தில் மேலே கறுப்பு அப்பா மீன், அடுத்து சிவப்பு அம்மா, கீழே பிள்ளைகள். தங்கள் வீட்டு ஆட்களை எண்ணிக் குழந்தைகளே வரிசையாகக் கட்டட்டும்.