பள்ளம் பொய்த்தால் கரும்பொருளும் பொய்யா?

ஐயா, ஆதிப் பிரபஞ்சத்தின் ரேடியோ அலையில் கரும்பொருளின் தடயம் கிடைத்ததாக 2018இல் ஆஸ்திரேலியாவின் எட்ஜஸ் ஆன்டெனாவை வைத்துச் செய்தி வந்தது. 2022இல் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனம் அதை மறுத்தது. கரும்பொருள் ஹைட்ரஜனைக் குளிரவைத்தது என்ற கருத்தே அத்தோடு முடிந்ததா?
வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

முடியவில்லை. எட்ஜஸ் கண்டதாகச் சொன்னது கரும்பொருளை, அதாவது ஒளிராமல் ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருளை, அல்ல; வானின் ரேடியோ அலையில் 78 மெகாஹெர்ட்ஸில் அரை கெல்வின் ஆழத்துக்கு வலிமை குறைந்த ஒரு பள்ளத்தை (ரேடியோ அலையின் வலிமையையும் வெப்பநிலையின் அலகான கெல்வினிலேயே சொல்வார்கள்). முதல் விண்மீன்களின் புற ஊதா ஒளி பட்டதும் ஹைட்ரஜன் வாயு, பெருவெடிப்பின் மிச்ச ஒளியான நுண்ணலைப் பின்னணியிலிருந்து 21 செ.மீ. அலையை உறிஞ்சத் தொடங்கும். பிரபஞ்ச விரிவில் நீண்டு நீண்டு அது இந்த அதிர்வெண்ணில் நமக்கு வந்து சேர்கிறது. வாயு குளிரக் குளிரப் பள்ளமும் ஆழமாகும். அப்போது பின்னணி சுமார் 49 கெல்வின், வாயு சுமார் 7 கெல்வின் என்பது வழக்கமான கணக்கு. அதன்படி பள்ளம் 0.2 கெல்வினைச் சற்றே தாண்டலாம், அவ்வளவுதான். அரை கெல்வின் வேண்டுமானால் வாயு அந்த 7 கெல்வினில் பாதிக்கும் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். வாயுவைவிடக் குளிர்ந்ததாக அன்று இருந்தது கரும்பொருள்தான், அதோடு மோதி வாயு வெப்பத்தை இழந்திருக்கலாம் என்று வானியற்பியலாளர் ரென்னன் பர்கானா அதைக் கைகாட்டினார். ரேடியோ பின்னணி கூடுதலாகப் பிரகாசித்திருந்தாலும் பள்ளம் ஆழமாகும். இதையும் அப்போதே சிலர் சொன்னார்கள்.

உண்மையான தகராறு கருவியில். 78 மெகாஹெர்ட்ஸில் நம் பால்வெளி மட்டுமே 1500 கெல்வினுக்கு மேல் இரைகிறது. அதில் மூவாயிரத்தில் ஒரு பங்கைத் தேடுகிறோம். பால்வெளியின் அலை வழவழப்பான வளைகோடு என்பதால் கழித்துவிடலாம். ஆன்டெனாவுக்குக் கீழே மண்ணடுக்கில் பட்டு 25 நானோநொடி தாமதித்துத் திரும்பும் எதிரொலியை அப்படிக் கழிக்க முடியாது. அது 40 மெகாஹெர்ட்ஸுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். அதன் தாழ்வுப் பகுதி ஏறக்குறைய 20 மெகாஹெர்ட்ஸ். எட்ஜஸ் பள்ளத்தின் அகலம் 19! எதிரொலிதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. சந்தேகப்படப் போதுமானது.

எட்ஜஸ் குழு இதற்காகத் தரையில் 30 மீட்டர் அகலத்துக்கு உலோக வலை விரித்தது. பெங்களூருக்காரர்கள் சாரஸ் 3 ஆன்டெனாவைத் தெப்பத்தில் ஏற்றி, கர்நாடகத்தின் தண்டிகானஹள்ளி ஏரியிலும் ஷராவதி நீர்த்தேக்கத்திலும் மிதக்கவிட்டார்கள். தண்ணீர் ஒரே சீரானது, மண்ணைப் போல அடுக்கு ஒளிந்திருக்காது. எட்ஜஸ் சொன்ன வடிவத்திலான பள்ளத்தை அவர்கள் சுமார் 95 சதவீத உறுதியோடு நிராகரித்தார்கள்.

நிராகரித்தது அந்த வடிவத்தைத்தான். கரும்பொருளுக்கும் வாயுவுக்கும் இடையே வேகம் குறையக் குறைய வலுக்கும் மோதல், மிகச் சிறிய மின்னேற்றம் கொண்ட கரும்பொருளின் ஒரு சிறு பங்கு, இவையெல்லாம் இன்னும் ஏட்டில் இருக்கின்றன. எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி வழக்கமான 0.2 கெல்வின் பள்ளத்தையே இதுவரை யாரும் அளக்கவில்லை. அளந்தபின் அதன் ஆழத்தை வைத்தே கரும்பொருளின் மோதலுக்கு வரம்பு கட்ட முடியும்.