சமஸ்கிருத நூல்களை இணையத்தில் பகிரும்போது மூலம், மொழிபெயர்ப்பாளர் பெயர் எல்லாம் போட வேண்டுமா?

கண்டிப்பாகப் போட வேண்டும். "வியாசருக்கு யார் காப்புரிமை கொடுத்தது, எல்லாம் பொதுச்சொத்துதானே" என்று கேட்கிறீர்கள். சுலோகம் பொதுச்சொத்துதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் பகிர்வது வெறும் சுலோகம் இல்லையே, யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதிய பொருளும் அதோடு சேர்ந்துதானே வருகிறது. இந்தியச் சட்டப்படி மொழிபெயர்ப்புக்குத் தனியாக உரிமை உண்டு, மொழிபெயர்த்தவர் இறந்து 60 ஆண்டுகள் வரை அது இருக்கும். காலம் முடிந்தால் அனுமதி கேட்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். பெயரை எடுத்துவிடலாம் என்று அதற்கு அர்த்தமில்லை.

பெயர் போனால் என்ன ஆகும் என்பதற்கு கிசாரி மோகன் கங்குலியைப் பாருங்கள். 1883 முதல் 1896 வரை மகாபாரதம் முழுவதையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்த மனிதர். புத்தகம் வெளியானபோது அவர் பெயர் அதில் இல்லை, பதிப்பாளர் பிரதாப் சந்திர ராயின் பெயர்தான் இருந்தது. விஷயம் பின்னால் வெளியில் வந்தும்கூட ரொம்ப காலம் பலர் அதை ராயின் மொழிபெயர்ப்பு என்றே குறிப்பிட்டுவந்தார்கள். எனக்கு இது இன்னமும் மனசு ஆறாத விஷயம்.

அப்புறம், எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம். திரௌபதி துகில் உரியப்படும்போது கண்ணனைக் கூப்பிட்டு வேண்டுவது நமக்கெல்லாம் தெரியும், கங்குலியிலும் இருக்கிறது. புனே பண்டார்கர் நிறுவனம் ஏராளமான சுவடிகளை ஒப்பிட்டு 1966-ல் முடித்த ஆய்வுப் பதிப்பில் அந்த வேண்டுதல் மூலப்பாடத்தில் கிடையாது. வியாசர் சொல்ல விநாயகர் எழுதிய கதையும் அப்படித்தான். பதிப்பைச் சொல்லாமல் இதைப் போட்டால் கீழே ஒருவர் "இருக்கு" என்பார், இன்னொருவர் "இல்லவே இல்லை" என்பார், இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும். அந்தப் பதிப்பைக் கணினியில் ஏற்றிய ஜப்பானியப் பேராசிரியர் முனேயோ தோக்குனாகா, அதைத் திருத்திச் செம்மை செய்த ஜான் ஸ்மித் இவர்களையும் ஒரு வரி சொல்லலாம், நாம் நகலெடுத்து ஒட்டுகிற பாடத்தில் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது.

இதைவிட மோசமானது, மூலமே இல்லாத ஒன்றுக்கு மூலம் சொல்வது. "எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது" என்று கீதாசாரமாகச் சுற்றுகிறதே, கீதையின் 700 சுலோகங்களில் எதுவும் அப்படிச் சொல்லவில்லை. பகிர்ந்தவர்களில் ஒருவராவது அத்தியாய எண் தேடியிருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

எப்படிப் போடுவது என்றால், பெரிய வேலையெல்லாம் இல்லை. "பகவத் கீதை 2.47, தமிழில்: சுப்பிரமணிய பாரதி" என்றால் போதும். மகாபாரதம் என்றால் பருவம், அத்தியாயம், எந்தப் பதிப்பு என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கங்குலியின் ஆங்கிலத்திலிருந்து நீங்களே தமிழாக்கினால் "ஆங்கில வழி" என்று எழுதுங்கள், சமஸ்கிருதத்திலிருந்து நேரே செய்ததாக வாசிப்பவர் நினைத்துவிடக் கூடாது. கணினி மொழிபெயர்ப்பு என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். பழைய கோப்பு ஒன்றில் பெயரே கிடைக்கவில்லையா, "மொழிபெயர்த்தவர் பெயர் தெரியவில்லை, இந்தத் தளத்தில் எடுத்தேன்" என்று போட்டு இணைப்பைக் கொடுங்கள், தெரிந்தவர் யாராவது வந்து சொல்வார்கள்.