கிட்டாரை ரெக்கார்டரில் நேரடியாகச் செருகினால் ஒலி கெடுவது ஏன்?

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டாரை வீட்டிலுள்ள எட்டு ட்ராக் ரெக்கார்டரில் நேரடியாகச் செருகிப் பதிவு செய்கிறேன். டிஸ்டார்ஷன் பெடல் இல்லாமல் வாசித்தால் ஒலி மங்கிப்போகிறது. பெடலைப் போட்டால் வண்டு ரீங்காரமிடுவது போல் எரிச்சலாக இருக்கிறது. ஆம்பில் வாசிக்கும்போது இப்படி இல்லை. ரெக்கார்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டியதில்லை. இரண்டு குறைகளுக்கும் காரணம் வேறு வேறு. இரண்டையும் இப்போதிருக்கும் கருவியிலேயே சரிசெய்துவிடலாம்.

முதலில் மங்கலை எடுத்துக்கொள்வோம். மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிச் செய்த பிக்கப்பிலிருந்து (தந்திகளின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பகுதி) வரும் சிக்னல் மிகவும் வலுவற்றது. அதன் கூர்மை குறையாமல் வாங்கிக்கொள்ள, சுமார் 10 லட்சம் ஓம் மின்மறுப்புள்ள இன்புட் தேவை. சாதாரண லைன் இன்புட்டில் இது பெரும்பாலும் சில பத்தாயிரம் ஓம்தான் என்பதால், மேல் ஸ்தாயி ஒலிகள் அங்கேயே மழுங்கிவிடுகின்றன. பெடலை இயக்கியதும் மங்கல் போய் எரிச்சல் வருகிறதே, அதுவே இதற்குச் சான்று: அப்போது ரெக்கார்டருக்குச் சிக்னல் கொடுப்பது பிக்கப் அல்ல, பெடலின் மின்சுற்று; அதற்குச் சாதாரண இன்புட்டே போதும். ஆகவே ‘ஹை-இசட்’ அல்லது ‘கிட்டார்’ என்று குறித்த சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பல ரெக்கார்டர்களில் ஒரேயொரு இன்புட்டுக்கு மட்டுமே அது இருக்கும். இல்லையென்றால் டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்றதாக மாற்றும் சிறு பெட்டி) வழியாக மைக் இன்புட்டில் இணையுங்கள்.

ரீங்காரத்துக்குக் காரணம், வழியில் ஸ்பீக்கர் இல்லாததுதான். கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளவற்றைப் பெருமளவு விழுங்கிவிடும். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் கரகரப்பின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ரெக்கார்டரின் எஃபெக்ட் பட்டியலில் கேபினெட் அல்லது ஆம்ப் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டி அல்லது ஆம்பின் ஒலியைப் போலச் செய்யும் எஃபெக்ட்) இருந்தால் அதைப் பெடலுக்கு அடுத்ததாக வையுங்கள். ஆம்பையே பயன்படுத்துவது எனக்கு இன்னும் பிடித்த வழி. ஸ்பீக்கர் துணியிலிருந்து ஓர் அங்குலத் தொலைவில் டைனமிக் மைக்கை நிறுத்துங்கள். கூம்பின் நடுவை நோக்கி வைத்தால் ஒலி கூர்மையாகவும், ஓரத்துக்கு நகர நகர மென்மையாகவும் மாறும். அரை அங்குல நகர்வுகூட ஹெட்ஃபோனில் தெளிவாகத் தெரியும். ஆனால் ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்புட்டை மட்டும் ஒருபோதும் ரெக்கார்டரில் செருகாதீர்கள், இன்புட் பழுதாகிவிடும்.

சிமுலேஷனைப் பயன்படுத்துவதானால், அதைக் காதில் மட்டும் கேட்டுக்கொண்டு, பெடலும் இல்லாத வெறும் கிட்டார் சிக்னலை ஒரு ட்ராக்கில் பதிவு செய்வது நல்லது. கேட்கும் ஒலிக்கேற்பத்தான் கை வாசிக்கும் என்பதால் எஃபெக்ட் காதில் விழுந்தாக வேண்டும். ஆனால் பதிவோடு கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

கெயினை (உள்ளே வரும் சிக்னலின் அளவை) வைக்கும்போது, பாட்டிலேயே பலமாக அடிக்கும் இடத்தை வாசித்துப் பார்த்து, மீட்டர் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்குமாறு செய்யுங்கள். 24 பிட் பதிவுக்கு இது தாராளம். பதிவு ஓடத் தொடங்கியதும் எல்லோரும் சோதனையைவிட அழுத்தியே வாசிப்பார்கள். ஒருமுறை சிவப்பைத் தொட்டு உடைந்த ஒலியை மீட்க வழியில்லை.

சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பாக இருந்தால் மின்சார இரைச்சலும் சேர்ந்து பதிவாகும். நாற்காலியோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் இரைச்சல் சட்டென்று தணியும். அந்த இடத்தைத் தரையில் குறித்துவைத்து, கடைசி டேக் வரை அங்கேயே அமர்ந்து வாசியுங்கள்.