ஐடி வேலையில் ஆன்சைட் (கிளையண்ட் நாட்டில் இருப்பவர்கள்), ஆஃப்ஷோர் (இங்கிருந்தே வேலை செய்பவர்கள்) உரசல்: கேள்வி பதில்

கேள்வி: நியூயார்க் அணியோடு தினமும் ராத்திரி மீட்டிங் கால். அவர்கள் நேரத்தை மாற்றவே மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: நவம்பரில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியதும் உங்கள் 8.30 மணி கால் 9.30 ஆகிவிடும். அவர்களுக்கு அதே காலை 11 மணிதான், அதனால் உறைப்பதில்லை. முறை வைத்து மாற்றுங்கள். ஒரு வாரம் அவர்கள் சீக்கிரம் வரட்டும், மறு வாரம் நீங்கள் விழித்திருங்கள். அப்புறம், மீட்டிங்கில் முடிவானதை அன்றைக்கே டிக்கெட்டில் (ஒவ்வொரு வேலைக்கும் கணினியில் இருக்கும் பதிவில்) எழுதிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் செய்த வேலையை ஆன்சைட்காரர் தன் பேரில் காட்டுகிறார்.

பதில்: புரோகிராம் எழுதியவரே டெமோ கொடுக்கட்டும். யார் எழுதியது என்பதும் டிக்கெட்டில் இருக்கட்டும்.

கேள்வி: அமெரிக்க ஊழியர்கள் கே.டி. (வேலையைக் கற்றுக்கொடுத்து ஒப்படைப்பது) கொடுக்காமல் இழுத்தடிக்கிறார்கள். எங்கள் மேல் ஏன் இவ்வளவு கோபம்?

பதில்: காரணம் இருக்கிறது. 2015 தொடக்கத்தில் ஆர்லாண்டோவில் டிஸ்னி சுமார் 250 ஐடி ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பியது. பலர் தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்குத் தாங்களே வேலை கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் வெளியேறினார்கள். வந்தவர்களில் பலர் எச்1பி விசாவில் (அமெரிக்காவில் வேலை செய்ய வெளிநாட்டு நிபுணர்களுக்குத் தரும் தற்காலிக விசா) இருந்த இந்தியர்கள். அந்தத் துறையில் இதை மறந்தவர் குறைவு. எனவே கே.டி. தொடங்குமுன் யார் வேலை நிலைக்கும், யாருடையது போகும் என்பதை கிளையண்ட் தன் ஆட்களிடம் நேராகச் சொல்லியாக வேண்டும். அதை உங்கள் மேனேஜர் கேட்டு வாங்க வேண்டும். சொல்லாமல் மறைத்தால் அரைகுறை கே.டி.தான் கிடைக்கும்.

கேள்வி: அப்படியானால் நாங்கள்தான் குற்றவாளிகளா? எங்களைவிடப் பல மடங்கு சம்பளம் வாங்கியவர்கள்தானே!

பதில்: இல்லை. முடிவெடுத்தது இரண்டு பக்க நிர்வாகமும். ஆனால் சம்பளக் கணக்கை வைத்து அந்த அமெரிக்க ஊழியரின் இழப்பைச் சின்னதாக்காதீர்கள். அங்கே வேலை போனால் கம்பெனி மருத்துவக் காப்பீடும் போகும். தொடர வேண்டுமென்றால் பிரீமியம் முழுவதையும் கையிலிருந்து கட்ட வேண்டும். எச்1பியில் போன நம் ஆளுக்கு வேலை போனால் வேறு வேலை தேடவோ ஊர் திரும்பவோ அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். பயம் இரண்டு பேருக்கும் ஒன்றே. அவர் பத்து வருஷம் காத்த புரோகிராமை அவர் முன்னாலேயே ‘குப்பை’ என்று சொல்லிப் பாருங்கள், அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

கேள்வி: டல்லாஸ் அணியோடு ராத்திரி கால்...

பதில்: முதல் பதில்தான். டல்லாஸ் கடிகாரம் நியூயார்க்கைவிட ஒரு மணி நேரம் பின்னால், அதனால் உங்கள் நேரத்தில் ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எச்1பி கட்டணம் யார் கட்டுவது?

பதில்: குடியேற்ற வக்கீலைக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் தவறை மெயிலில் எல்லா மேலாளருக்கும் சிசி போடுகிறார்கள்.

பதில்: பதிலுக்கு சிசி போடாதீர்கள். அனுப்பியவரை போனில் கூப்பிட்டுப் பேசுங்கள். பேசி முடித்ததை, மறுபடியும் சொல்கிறேன், டிக்கெட்டில் எழுதுங்கள்.