ஜாப்பாவின் 'ஹாட் ராட்ஸ்': கேட்டவர்களுக்குப் பதில்

அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஜாப்பா 1969 அக்டோபரில் வெளியிட்ட 'ஹாட் ராட்ஸ்' ஆல்பம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

கே: ஜாப்பாவைக் கேட்டதே இல்லை. இதிலிருந்து தொடங்கலாமா?

ப: தாராளமாக. அவருடைய கிண்டலும் கெட்ட வார்த்தையும் ஒத்துவராமல் ஓடியவர்கள் பலர். இங்கே ஆறு உருப்படிகளில் ஐந்தில் பாட்டே கிடையாது. 'வில்லி தி பிம்ப்'பில் மட்டும் பாடகர் கேப்டன் பீஃப்ஹார்ட் வந்து கரகரவென்று பாடிவிட்டுப் போவார். வாங்குமுன் எந்த மிக்ஸ் என்று பாருங்கள்.

கே: எந்த மிக்ஸ் என்றால்?

ப: தனித்தனியாகப் பதிந்த சத்தங்களை ஒன்றாகக் கலப்பதுதான் மிக்ஸ். 1987 சிடிக்காக ஜாப்பாவே மறுபடி மிக்ஸ் செய்தார். 'கம்போ வேரியேஷன்ஸ்' என்ற உருப்படி 13 நிமிடத்திலிருந்து ஏறக்குறைய 17 நிமிடத்துக்கு நீண்டது. 2012 சிடியில் பழைய எல்பி (இசைத்தட்டு) மிக்ஸ் திரும்பிவந்தது. முதலில் அதைக் கேளுங்கள்.

கே: 'பீச்சஸ் என் ரிகேலியா'வில் பெரிய ஆர்கெஸ்ட்ராவா?

ப: இப்படிக் கேட்டால் பதில் சொல்ல ஆசையாக இருக்கிறது. மொத்தம் நான்கே பேர். ஜாப்பா, இயன் அண்டர்வுட், டிரம்ஸில் ரான் செலிகோ, பேஸ் கிட்டாரில் 15 வயது ஷுகி ஓட்டிஸ். ஒரே நாடாவில் தனித்தனியாகப் பதியும் வரிசைதான் டிராக்; பெரும்பாலான ஸ்டூடியோக்களில் 8 டிராக்தான் இருந்த காலத்தில், ஹாலிவுட்டின் டிடிஜி ஸ்டூடியோவில் 16 டிராக் இயந்திரம் இருந்தது. அண்டர்வுட் பியானோ, ஆர்கன், புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸ் என்று ஒவ்வொன்றாக வாசித்து அடுக்கிக்கொண்டே போனார். ஜாப்பா தன் பேஸை வேகம் கூட்டிய நாடாவில் ஏற்றினார். 'ஆக்டேவ் பேஸ்' என்று அட்டையில் போட்டிருப்பது அதுதான். டிரம்ஸுக்கும் பல டிராக்குகள் ஒதுக்கினார். இந்த உருப்படியில் நீங்கள் கேட்கும் 'பேண்ட்' அந்த இயந்திரத்துக்குள் மட்டுமே இருந்தது.

கே: அட்டையில் இருப்பது அவர் மனைவியா?

ப: இல்லை. ஜிடிஓஸ் என்ற பெண்கள் பாட்டுக்குழுவின் கிறிஸ்டீன் ஃபிர்க்கா. இன்ஃப்ராரெட் ஃபிலிமில் எடுத்த படம்.

கே: ஜாஸையும் ராக்கையும் கலக்கும் ஃபியூஷனைத் தொடங்கியவர் மைல்ஸ் டேவிஸ். அவருடைய 'பிட்சஸ் புரூ' ஆல்பத்துக்குப் பின்னால் நிற்கவேண்டியது இது.

ப: தேதிப்படி பார்த்தால் 'பிட்சஸ் புரூ' பதிவானது 1969 ஆகஸ்டில், வெளிவந்தது 1970இல். அதற்காக ஜாப்பாதான் முதல்வர் என்றும் சொல்லமாட்டேன். ஜாஸ் கலைஞர் கேரி பர்ட்டனின் 'டஸ்டர்' ஆல்பம் 1967இலேயே வந்துவிட்டது.

கே: மைல்ஸ் ஜாஸ்காரர். ஜாப்பா ராக்காரர். இரண்டையும் எப்படி ஒப்பிடுவீர்கள்?

ப: ஒப்பிடுவதே அதனால்தான். மைல்ஸ் ஜாஸிலிருந்து ராக்கை நோக்கி வந்தார். ஜாப்பாவுக்கு அடித்தளம் ரிதம் அண்ட் ப்ளூஸ். 'கம்போ'வில் வயலினை இழுத்து அழவிடும் ஷுகர்கேன் ஹாரிஸ் 'டான் அண்ட் டூயி' என்ற ரிதம் அண்ட் ப்ளூஸ் ஜோடியில் ஒருவர். ஆனால் நாடாவை வெட்டி ஒட்டுவதில் மைல்ஸின் தயாரிப்பாளர் டியோ மசீரோவும் ஜாப்பாவும் ஒரே ஜாதி.

கே: அப்படியானால் இது ஜாஸே இல்லை என்கிறீர்கள்!

ப: நான் சொல்லவில்லை. இதே ஆல்பத்தின் 'இட் மஸ்ட் பீ எ கேமல்' போட்டுக் கேளுங்கள். ஜான் லுக் போன்ட்டியின் வயலின் அதில்தான். அப்புறம் சண்டைக்கு வாங்க.

கே: மைல்ஸை மட்டம் தட்டுவது...

ப: தட்டவில்லை. அடுத்தவர்.

கே: ஜாப்பாவுக்குத் தமிழ்த் தொடர்பு உண்டா?

ப: வயலின் எல். சங்கர். அவருடைய 'டச் மீ தேர்' ஆல்பம் (1979) ஜாப்பா தயாரித்தது. தனியாக எழுதவேண்டிய விஷயம்.

கே: அந்தக் கிட்டார் சத்தத்துக்கு எந்த பெடல் வாங்குவது?

ப: கிட்டார் கடையில் கேளுங்கள்.

கே: பழைய 1987 சிடி மலிவாகக் கிடைக்கிறது, வாங்கவா?

ப: மேலே சொல்லியாயிற்று. வாங்கிக்கொள்ளுங்கள், 'கம்போ' இழுவை என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.

கே: இது பிடித்துவிட்டது. அடுத்து?

ப: 1972இல் வந்த ஜாப்பாவின் 'வாகா/ஜவாகா', 'தி கிராண்ட் வாஸூ' ஆல்பங்கள். 1971 டிசம்பரில் லண்டன் ரெயின்போ அரங்கில் ஒருவன் மேடையிலிருந்து தள்ளிவிட்டதில் சக்கர நாற்காலிக்கு வந்த ஜாப்பா, அந்த நிலையில் செய்தவை. முதலில் 'வாகா/ஜவாகா'வின் தலைப்பு உருப்படி. சால் மார்க்கெஸின் டிரம்பெட்டுக்காக.