கேள்வி பதில்: பூமராங் படத்துக்கு எத்தனை மார்க்?

கே: ராயபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். வகுப்பு எடுக்கிறேன். ‘ஆஸ்திரேலியப் பழங்குடிச் சமூக நிறுவனங்கள்’ என்று ப்ராஜெக்ட் கொடுத்தேன். வந்ததில் பாதி, பூமராங் என்கிற வளைதடியை வரைந்த படமும், அந்த மக்களின் புள்ளி ஓவியமும்தான். இன்டர்னல் 25 மார்க்கை எப்படிப் பிரிப்பது?

ப: பூமராங்குக்கு மார்க் வேண்டாம் மேடம். நிறுவனம் யாருடையது, முடிவெடுப்பது யார் என்பதற்கு 8 மார்க் ஒதுக்குங்கள். பழங்குடியினருக்காக நடப்பது வேறு, அவர்களே நடத்துவது வேறு. புள்ளி ஓவியம் விற்கிற கடையெல்லாம் சமூக நிறுவனம் ஆகிவிடாது. 1972-இல் தொடங்கிய பாபுன்யா துலா, ஓவியர்களே உடைமையாளர்களாக இருக்கும் கம்பெனி. இந்த வித்தியாசத்தை எழுதாதவருக்கு 8-இல் 2-க்கு மேல் போடாதீர்கள்.

சரிபார்ப்பதும் சுலபம். பழங்குடியினர் நிறுவனங்களுக்கென்றே ஆஸ்திரேலியாவில் 2006-இல் இயற்றிய சட்டம் 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்கீழ் பதிவானவற்றை ‘ஓரிக்’ என்கிற பதிவாளர் அலுவலகத்தின் இணையப் பதிவேட்டில் யாரும் காசு கட்டாமல் பார்க்கலாம். விதிமுறை, இயக்குநர்கள், ஆண்டறிக்கை எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ‘ஐ.சி.என்.’ என்று ஒரு எண் உண்டு. அதை ப்ராஜெக்டின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள், ஏ.ஐ. கற்பனையில் முளைத்த நிறுவனங்கள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆனால் ஓரிக்கில் இல்லை என்பதற்காக முட்டை போட்டுவிடாதீர்கள். பாபுன்யா துலா போன்றவை பொதுவான கம்பெனிச் சட்டத்தில் பதிவானவை. அப்படிப்பட்டவற்றைக் கம்பெனிப் பதிவேட்டிலும் அறக்கட்டளைப் பதிவேட்டிலும் தேட வேண்டும்.

அடுத்த 7 மார்க் கணக்கு வாசிப்புக்கு. பி.காம். பிள்ளைகள் சறுக்குவதும் இங்கேதான். அரசு மானியத்தையும் விற்பனை வரவையும் ஒரே ‘வருமானம்’ ஆக்கிவிட்டு, லாபம் இல்லை, ஆகவே தோல்வி என்று முடித்துவிடுவார்கள். மருத்துவ சேவை மானியத்தில் ஓடுவது இயல்பு. ஓவியக் கம்பெனி விற்பனையில் நிற்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் சரிவராது. அங்கே நிதியாண்டு பெரும்பாலும் ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறது, நம் ஏப்ரல்–மார்ச் அல்ல. ஜூன் கணக்கு முடிக்கும் ஓரிக் நிறுவனங்கள் டிசம்பர் 31-க்குள் அறிக்கை கொடுத்தால் போதும். அக்டோபரில் தேடிய மாணவருக்கு அந்த ஆண்டு அறிக்கை கிடைக்காமல் போனால் அது அவர் குற்றமில்லை.

நிறுவனம் ஏன் தொடங்கியது என்பதற்கு 4. சிட்னியின் ரெட்ஃபெர்னில் போலீஸ் தொல்லை இருந்ததால் 1970-இல் பழங்குடியினருக்கான சட்ட உதவி சேவை வந்தது. அதே ஊரில் 1971-இல் மருத்துவ சேவையும் வந்தது. காரணம் சொல்லாமல் ஆண்டு மட்டும் இருந்தால் 1 மார்க் போதும். மீதி 6-இல் மூலங்களுக்கு 4, மொழிநடைக்கு 2.

கே: ஒரு மாணவி காசிமேட்டில் கருவாடு விற்கும் பெண்களின் சுய உதவிக் குழுவோடு ஒப்பிட்டிருக்கிறாள். கூடுதல் மார்க் தரலாமா? (தண்டையார்பேட்டை)

ப: களத்துக்குப் போனதே பெரிய விஷயம்தான். ஆனால் ஒப்பீடு பொருந்துகிறதா என்று பாருங்கள். 10 முதல் 20 பேர் சேர்ந்த சேமிப்புக் குழுவையும், வழக்குப் போடும் சட்ட உரிமை உள்ள நிறுவனத்தையும் நேராக ஒப்பிட முடியாது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் பதிவான மீனவர் கூட்டுறவு சங்கத்தை எடுத்திருந்தால் ஒப்பீடு இன்னும் நெருங்கியிருக்கும். அவள் இந்த வேறுபாட்டைத் தானே எழுதியிருந்தால் தாராளமாகக் கொடுங்கள். அந்தப் பெண்களின் சம்மதம் வாங்கினாளா, கடன் பாக்கி விவரத்தோடு பெயரையும் அச்சடித்துவிட்டாளா என்று வைவாவில் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கென்றே ‘அயாட்சிஸ்’ என்கிற பழங்குடியினர் ஆய்வு நிறுவனம் 2020-இல் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. ஆய்வில் அந்த மக்களின் சுயநிர்ணயமும் தலைமையும் இருக்க வேண்டும் என்பது அதில் அடிப்படை. காசிமேட்டுக்கும் அது பொருந்தாதா என்ன?

கே: ஆஸ்திரேலியப் பழங்குடியினரை ‘அபாரிஜின்’ என்று எழுதினால் தப்பா? (வியாசர்பாடி)

ப: பழைய சொல், இன்று பலருக்குப் பிடிக்காதது. ‘அபாரிஜினல் மக்கள்’ என்று திருத்துங்கள். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள டோரஸ் நீரிணைத் தீவினர் தனி மக்கள், அவர்களை இதில் சேர்த்துவிடக் கூடாது. நம் எஸ்.டி. பட்டியல் மாதிரி அங்கேயும் இருப்பதாக எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். வம்சாவளி, தன்னை அப்படி அடையாளப்படுத்திக்கொள்வது, சமூகம் ஏற்றுக்கொள்வது ஆகிய மூன்றும்தான் அங்கே பொதுவான அளவுகோல்.